வீட்டுப் பட்டறையில் கார் பாகங்கள்: எதைச் செய்யலாம், எதை மறுக்க வேண்டும்?

கேள்வி: கோவை கணபதி பகுதியில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவன். வீட்டின் பின்புறக் கொட்டகையில் சிறிய லேத்தும் டிக் வெல்டிங் இயந்திரமும் வைத்து, 304 கிரேடு எவர்சில்வரில் கார்களுக்கான முன்பக்கக் கம்பி பம்பர், மேல் கேரியர், கதவுப் படித் தகடு, சைலன்சர் ஆகியவற்றை ஆர்டரின் பேரில் செய்து தருகிறேன். கேரளத்துக்கும் பார்சல் போகிறது. கேட்பவர்களுக்குத் தகட்டில் கார் நிறுவனத்தின் முத்திரையையும் பொறித்துத் தருகிறேன். சைலன்சர் மாற்றிக்கொண்ட ஒருவருக்கு வாகனச் சோதனையில் அபராதம் விதிக்கப்பட்டதால், எனக்குக் கொடுத்த 18,000 ரூபாயையும் அபராதத் தொகையையும் திருப்பிக் கேட்கிறார். “ஆர்.டி.ஓ. பிரச்சினை வராது” என்று நான் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தது உண்மை. இதற்கிடையே, வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்துவதாகக் கூறி, ஓராண்டுக்குக் கணக்கிட்டு மின்வாரியப் பொறியாளர் நோட்டீஸ் அனுப்பியுள்ளார். இயந்திரங்கள் வாங்கி ஐந்து மாதங்களே ஆகின்றன. தொழிலைத் தொடரலாமா?

பதில்: தங்கள் கேள்விகளில் கெடு ஓடிக்கொண்டிருப்பது மின் நோட்டீஸுக்குத்தான் என்பதால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆவது பிரிவின் கீழ் வருகிறது. உரிய கட்டண வகையின் விகிதத்தைப்போல் இரு மடங்கு வசூலிக்க அப்பிரிவு இடமளிக்கிறது. அத்தகைய பயன்பாடு எப்போது தொடங்கியது என்பதைக் கண்டறிய முடியாதபோது மட்டுமே ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடலாம் என்பதே சட்டத்தின் நிலை. எனவே லேத்தும் வெல்டிங் இயந்திரமும் வாங்கிய ரசீதுகள், பணம் செலுத்திய வங்கிப் பதிவு, மின் நுகர்வு எந்த மாதத்திலிருந்து உயர்ந்தது என்பதைக் காட்டும் அட்டை ஆகியவற்றை இணைத்து, காலத்தை ஐந்து மாதங்களாகக் குறைக்க வேண்டும் என்று மதிப்பீட்டு அலுவலரிடம் எழுத்துபூர்வமாக ஆட்சேபம் தெரிவித்து, நேரில் விசாரிக்கப்படும் வாய்ப்பையும் கேளுங்கள். தற்காலிக ஆணை (அதாவது இந்த மதிப்பீட்டு நோட்டீஸ்) கிடைத்த 30 நாட்களுக்குள் அவர் இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும். அதன்மீது 127-ஆவது பிரிவின்படி மேலும் 30 நாட்களுக்குள், மதிப்பிட்ட தொகையில் பாதியைச் செலுத்தி மேல்முறையீடு செய்யலாம். இது மின் திருட்டு வழக்கு அல்ல. ஆனால் நோட்டீஸுக்குப் பிறகும் அதே இணைப்பில் வெல்டிங் தொடர்ந்தால், நேர்மையற்ற எண்ணம் இருந்ததாகக் கூறி, மின் திருட்டுக்கான 135-ஆவது பிரிவுக்குக் கொண்டுசெல்ல வழி பிறக்கும். கொட்டகைக்குக் குறுந்தொழில் கட்டண வகையில் தனி இணைப்பு கேட்டு உடனே விண்ணப்பியுங்கள்; மாநகராட்சியின் தொழில் உரிமத்தையும் அத்துடன் சேர்த்துப் பெற்றுவிடுவது நல்லது. சிறு, குறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்று இவ்விரண்டுக்கும் மாற்றாகாது. பலர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனித் தொழிலின் அடிப்படைக்கு வருவோம். தாங்கள் பயன்படுத்தும் எவர்சில்வர் எவ்வளவு உயர்ந்த தரம், வெல்டிங் எவ்வளவு சுத்தம் என்பதைச் சட்டம் முதலில் பார்ப்பதில்லை. அந்தப் பாகம் வாகனத்தை அதன் மூல வடிவமைப்பிலிருந்து விலக்குகிறதா என்பதையே பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்வான பொருள்கோளை ஏற்க மறுத்து, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையைக் கண்டிப்பாகவே உறுதி செய்தது. அதே சமயம், வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றமே ‘மாற்றியமைத்தல்’ என்று அந்தப் பிரிவின் விளக்கவுரை கூறுகிறது. தங்கள் தொழிலுக்கு இருக்கும் இடைவெளி அந்த விளக்கவுரையில்தான் இருக்கிறது.

அதன்படி பார்த்தால், கதவுப் படித் தகட்டில் சட்டச் சிக்கல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வாகனத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டுப் பொருத்தி, வேண்டாதபோது கழற்றிவிடக்கூடிய மேல் கேரியரும், உயர வரம்பையும் கூரை தாங்கும் எடையையும் மீறாதவரை, என் கருத்தில் அடிப்படை அம்சத்தை மாற்றுவதாகாது. கூரையிலோ சேஸியிலோ வெல்டிங் வைத்தால் இந்தக் கருத்து பொருந்தாது. கம்பி பம்பரை முற்றிலும் கைவிடுங்கள். மோதலின்போது விசை செல்ல வேண்டிய பாதையையும் காற்றுப்பையின் உணரி செயல்படும் தருணத்தையும் அது மாற்றிவிடுகிறது. நடந்து செல்பவருக்கும் காயம் கடுமையாகிறது. இவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

சைலன்சரின் நிலை இன்னும் கடினமானது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 120-ஆவது விதி ஒவ்வொரு வாகனத்திலும் ஒலியடக்கி இருக்க வேண்டும் என்பதுடன், வாகனம் ஒலி அளவு வரம்புக்குள் பராமரிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. தங்கள் கொட்டகையில் செய்த சைலன்சர் எந்தப் பரிசோதனை நிலையத்திலும் சோதிக்கப்படவில்லை. வினையூக்கி மாற்றியையும் (புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கருவி) சேர்த்துக் கழற்றியிருந்தால் புகை அளவு விதியும் மீறப்படுகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)-ஆவது பிரிவின் கீழ் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், முதல் குற்றத்துக்கே மூன்று மாத ஓட்டுநர் உரிம இழப்பு என்பது நிலை. அதே சட்டத்தின் 182A(4)-ஆவது பிரிவின்படி, அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். இவை ஓட்டுநரையும் உரிமையாளரையுமே நேரடியாகக் குறிக்கின்றன. தாங்கள் வாகனத் தயாரிப்பாளரோ விற்பனையாளரோ அல்லர் என்பதால் 182A-இன் மற்ற உட்பிரிவுகள் தங்களைத் தொடுவது அரிது.

ஆனால் அந்த வாட்ஸ்அப் வாக்கியம் தங்களைத் தொடுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆவது பிரிவின்படி, வெளிப்படையாகத் தந்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துப்போகாமல் தீங்கு விளைந்தால், அந்த உத்தரவாதத்தைக் கவனக்குறைவின்றிக் கொடுத்தேன் என்று நிரூபித்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. அதற்கு அப்பாலும், பொய்யான உறுதியை நம்பி வாங்கினேன் என்ற புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் தாக்கல் செய்ய முடியும். மின்னணுப் பதிவுக்குரிய சான்றிதழுடன் அந்த வாட்ஸ்அப் செய்தி சாட்சியமாகவும் ஏற்கப்படும். அவருடைய பக்கமும் முழுக்கத் தூய்மையானதல்ல. அதிக ஒலிக்காகவே அந்தப் பாகத்தைக் கேட்டிருந்தால் அபராதத்தைத் தங்கள் தலையில் கட்டுவது அவருக்கு எளிதாக இராது. சைலன்சரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு 18,000 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். அபராதத்துக்குப் பொறுப்பேற்காமல், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகத்துடன் அவரிடம் கையொப்பம் பெறுங்கள். இனிமேல் பில்லில் பாகத்தின் அளவு, எடை, தாங்கும் சுமை, பொருத்தும் முறை ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். போக்குவரத்து அலுவலகத்தின் பெயரை விளம்பரத்திலோ உரையாடலிலோ இழுக்க வேண்டாம்.

கேரளத்துக்கு அனுப்பும் பார்சல்களைப் பொறுத்தவரை, ஆண்டு விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவு பெறுவது கட்டாயம்.

முத்திரை விஷயத்தைத் தாங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுவே அதிகக் கவலை தருகிறது. ‘இன்ன மாடல் காருக்குப் பொருந்தும்’ என்று எழுதுவதை வணிகக் குறிகள் சட்டம், 1999-இன் 30(2)(d) பிரிவு அனுமதிக்கிறது. நிறுவனத்தின் சின்னத்தையே அனுமதியின்றிப் பொறிப்பது 103-ஆவது பிரிவின் கீழ் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வாடிக்கையாளர் கேட்டார் என்பது இதற்கு எதிர்வாதமாகாது. முத்திரை பொறித்த தகடுகள் கையிருப்பில் இருந்தால் விற்காமல், முத்திரையைக் கிரைண்டரில் தேய்த்து அழித்துவிட்டுத் தங்கள் பட்டறையின் பெயரைப் பொறித்துக்கொள்ளுங்கள்.