குழந்தைப் புற்றுநோயும் செயற்கை நுண்ணறிவும்: வாசகர் கேள்வி – பதில்

என் தங்கையின் இரண்டு வயது மகனைக் கைபேசியில் எடுத்த படங்களில், ஒரு கண்ணின் நடுப்பகுதி மட்டும் வெள்ளையாக ஒளிர்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் செயலி ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். முதலில் அதில் சோதித்துப் பார்க்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

செயலிக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரத்திலேயே குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவதே இயல்பு. அது வெண்மையாகத் தெரிவதற்குக் கண்புரையோ வேறு விழித்திரை நோயோ காரணமாக இருக்கலாம். சில வேளைகளில் படம் எடுத்த கோணமே காரணமாகிவிடுவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோய், பல குடும்பங்களில் இப்படித்தான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது. மருத்துவர் சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரை முழுவதையும் பார்த்து ஐயத்தைத் தீர்த்துவிடுவார். தமிழ்நாட்டில் சங்கர நேத்ராலயா, அரவிந்த் போன்ற மருத்துவமனைகளில் இந்நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் வல்லுநர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய்தான் என்று உறுதியானால், சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருவதால், உடன்பிறந்த குழந்தைகளின் கண்களையும் பரிசோதிப்பார்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் உருவான ‘க்ரேடில்’ என்ற செயலியாக இருக்கலாம். அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷாவின் மகனுக்கே இந்நோய் வந்தது. பிறகு பழைய குடும்பப் படங்களைப் பார்த்தபோது, பிறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் எடுத்த படத்திலேயே அந்த வெண்மை இருந்தது தெரிந்தது. 2019இல் வெளியான ஆய்வில், 40 குழந்தைகளின் 50,000க்கும் மேற்பட்ட படங்களை அந்தச் செயலி அலசியது. கண்நோய் இருந்த குழந்தைகளில் 80 சதவீதத்தினரின் படங்களில், நோய் கண்டறியப்படுவதற்குச் சராசரியாக 1.3 ஆண்டு முன்னரே அது வெண்மையைக் கண்டுகொண்டது. வியக்கத்தக்க முடிவுதான். ஆனால் எஞ்சிய 20 சதவீதக் குழந்தைகளிடம் அது முன்கூட்டிக் காணவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றும் தெரியாத குழந்தையின் படங்களில் எச்சரிக்கை எழுப்புவதற்குத்தான் இத்தகைய செயலி உதவும். உங்கள் கண்ணிலேயே பட்டுவிட்ட பிறகு, ‘ஒன்றுமில்லை’ என்று அது சொன்னாலும் அதை நம்பி வீட்டில் இருக்க முடியாது.

மூளைக் கட்டிக்கான அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, அது எந்த வகைக் கட்டி என்று கணினி சொல்லிவிடுமாமே?
– வாசகர், நாகர்கோவில்

உண்மைதான். நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவமனையும் அந்நகரின் பிரின்செஸ் மாக்சிமா குழந்தைப் புற்றுநோய் மையமும் சேர்ந்து உருவாக்கிய ‘ஸ்டர்ஜன்’ என்ற முறை 2023இல் நேச்சர் இதழில் வெளியானது.

குழந்தைகளுக்கு வரும் மூளைக் கட்டிகளில் வகைகள் மிகப் பல. நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கட்டிகளுக்குச் சிகிச்சை முற்றிலும் வேறாக இருக்கலாம். எபெண்டிமோமா என்றால் முடிந்தவரை முழுவதையும் அகற்றுவது குழந்தையின் எதிர்காலத்தையே மாற்றும். ஜெர்மினோமா என்றால் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் நன்றாகக் கரையும்; பேச்சையோ நடையையோ பறிக்கும் அளவுக்குத் தோண்டி எடுக்க வேண்டிய அவசியமில்லை. வகையை உறுதிசெய்யும் முழுமையான மரபணுப் பரிசோதனையின் முடிவோ வழக்கமாக அறுவை முடிந்து பல நாட்கள் கழித்துத்தான் வரும்.

கட்டியின் டி.என்.ஏ.மீது படிந்திருக்கும் மீத்தைல் என்னும் சிறு வேதிக் குறிகளின் அமைப்பு வகைக்கு வகை வேறுபடும். இந்த அடிப்படையில் மூளைக் கட்டிகளை வகைப்படுத்தும் கணினி முறையை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழுவினர் 2018இலேயே வெளியிட்டிருந்தார்கள். அறுவை நடக்கும் சிறிது நேரத்தில் அந்தக் குறிகளில் மிகச் சிறு பகுதியை மட்டுமே படிக்க முடியும் என்பதுதான் சிக்கல். எனவே நெதர்லாந்துக் குழுவினர், முழுத் தரவுகளில் பெரும்பகுதியை வேண்டுமென்றே மறைத்து லட்சக்கணக்கான அரைகுறை மாதிரிகளைச் செயற்கையாக உண்டாக்கி, அவற்றைக்கொண்டே கணினியைப் பயிற்றுவித்தார்கள். பின்னர் 25 அறுவை சிகிச்சைகளின்போது பயன்படுத்திப் பார்த்ததில், 90 நிமிடங்களுக்குள், 18இல் வகை சரியாகத் தெரிந்தது; மீதி 7இல் தேவையான உறுதி கிடைக்கவில்லை என்று அது முடிவு சொல்லாமல் நின்றது. தன்னால் சொல்ல இயலாததைச் சொல்லாமல் விட்ட அந்த ஏழு விடைகளுக்காகவே இந்த முறையை நான் நம்புகிறேன். அறுவை மேசையில் ஒரு குழந்தை இருக்கும்போது, துணிச்சலாகச் சொல்லப்படும் தவறான விடையைப் போல ஆபத்தானது வேறில்லை.

ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் என் மகளின் பரிசோதனை அறிக்கைகளைச் சாட்ஜிபிடியிடம் காட்டி விளக்கம் கேட்கிறேன். இது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், சேலம்

அறிக்கையில் உள்ள சொற்களுக்குப் பொருள் கேட்கலாம். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயாரிக்கவும் அது உதவும். மகளின் பெயர், மருத்துவமனை எண் ஆகியவற்றை நீக்கிவிட்டுக் கேளுங்கள்.

மருந்தின் அளவை மட்டும் எக்காரணம் கொண்டும் அதனிடம் கேட்டு மாற்றாதீர்கள். வீட்டில் தினமும் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் மாத்திரையின் அளவு, உடற்பரப்பையும் வெள்ளணு எண்ணிக்கையையும் பார்த்து அவ்வப்போது திருத்தப்படுவது. நம் நாட்டவர் சிலருக்கு உள்ள மரபணு மாற்றத்தால், வழக்கமான அளவே வெள்ளணுக்களை ஆபத்தான நிலைக்குக் குறைத்துவிடும். அதேபோல், சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் யாரிடமும் விளக்கம் கேட்டுக்கொண்டிராமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெள்ளணு குறைந்த குழந்தைக்குக் கிருமித்தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

2024இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்வொன்றில், 100 கடினமான குழந்தை நோயாளிகளின் விவரங்களைச் சாட்ஜிபிடிக்குக் கொடுத்தபோது, அது 17ஐத்தான் சரியாகக் கண்டறிந்தது. அது பழைய பதிப்பு, இப்போதுள்ளவை மேம்பட்டிருக்கின்றன. ஆயினும் தவறான விடையையும் சரியான விடையின் அதே தோரணையில் சொல்லும் பழக்கம் அவற்றை விட்டுப் போகவில்லை.

குழந்தைப் புற்றுநோய்க்கான செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கு அமெரிக்கா நிதியை இரட்டிப்பாக்கியதாகப் படித்தேன். நம் குழந்தைகளுக்கு அதனால் பயன் உண்டா?
– வாசகர், திருச்சி

2019இல் தொடங்கிய குழந்தைப் புற்றுநோய்த் தரவுத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு வந்தது. 2025 செப்டம்பரில் அதை 10 கோடியாக்கும் அறிவிப்பு வந்தது. பணம் தரவுக்குச் செல்வதில் நியாயம் இருக்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் பதின்வயதினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். அவர்களும் பல வகைகளாகப் பிரிந்துபோவதால், ஒரே மருத்துவமனையில் கிடைக்கும் எண்ணிக்கை கணினியைப் பயிற்றுவிக்கப் போதாது.

பயன் மெதுவாகத்தான் வரும். வருவாய் மிகுந்த நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் குணமடைகிறார்கள். வருவாய் குறைந்த பல நாடுகளில் 30 சதவீதத்துக்கும் குறைவு. 2030க்குள் உலக அளவில் 60 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. தாமதமான நோயறிதல், பாதியில் நின்றுபோகும் சிகிச்சை, கிடைக்காத மருந்து ஆகியவையே இந்த இடைவெளிக்கு முதன்மைக் காரணங்கள். பேருந்துக் கட்டணம் இல்லாமல் அடுத்த கீமோவுக்கு வராமற்போகும் குழந்தை எது என்று ஒரு கணினி முன்கூட்டிச் சொன்னாலும், அந்தக் கட்டணத்தைக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

அயல்நாட்டுக் குழந்தைகளின் தரவில் பயின்ற முறை, இங்குள்ள குழந்தைகளிடமும் வேறு ஸ்கேன் கருவிகளிலும் அதே துல்லியத்தைக் காட்டும் என்று எடுத்துக்கொள்ள முடியாது; இங்கே தனியாகச் சோதிக்க வேண்டும். அதற்கு நம் குழந்தைகளின் தரவு வேண்டும். 18 வயது நிறையாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்று 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சிகிச்சைக்கெனச் சில விலக்குகள் உண்டு. ஆய்வுக்காக உங்களிடம் கையெழுத்துக் கேட்டால், பெயர் நீக்கப்படுமா, தரவு எங்கே வைக்கப்படும், வணிக நிறுவனங்களுக்குப் போகுமா என்று கேட்டறிந்து முடிவெடுங்கள். ஆய்வில் சேர மறுத்தால் குழந்தையின் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்பது விதி.