சமாதானத்துக்கு எத்தனை புள்ளி?

அன்புள்ள அண்ணா,

பத்து வருடமாக உங்களை வாசிக்கிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, குறை நினைக்க வேண்டாம். மகளுக்கு இந்த வருடம் விசிஈ, விக்டோரியாவின் பள்ளி இறுதிச் சோதினை. கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு ‘ஹெல்த் அண்ட் ஹியூமன் டெவலப்மென்ட்’ எடுத்திருக்கிறாள். சும்மா பாடம், பாடத்துக்குப் பாடம் புள்ளியை ஏற்றி இறக்குகிற ஸ்கேலிங்கில் கீழே போகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். டியூஷனுக்கு விடலாமா? எப்படிப் படித்தால் ஐம்பதில் 40க்கு மேல் வரும்? குளியலறைக் கண்ணாடியில் மஞ்சள் தாள் ஒட்டி எட்டுச் சொற்களைப் பாடமாக்குகிறாள். முதல் சொல் ‘பீஸ்’. “சமாதானத்துக்கும் ஹெல்த்துக்கும் என்ன சம்பந்தம் அம்மா?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கூகிளில் பார் என்றேன். நான் 1997இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், எங்கள் காலத்தில் இப்படியொரு பாடம் இருக்கவில்லை. உங்கள் மகளும் இதைப் படித்ததாக எழுதியிருந்தீர்கள்.

சு., மெல்பேர்ண்

அன்புள்ள தங்கச்சி,

ஸ்கேலிங் கதையை முதலிலேயே முடித்துவிடுவோம். கொஞ்சம் கீழேதான் போகும். போகட்டும். ஆங்கிலத்தோடு சேர்த்து நான்கு பாடம் முழுதாகவும், ஐந்தாவதிலும் ஆறாவதிலும் பத்திலொரு பங்கும்தான் ஏடாரில், பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற தரவரிசையில், சேரும். மனமில்லாத கெமிஸ்ட்ரியோடு பிள்ளை மாரடித்து என்ன காணப்போகிறாள்? எந்தப் பாடமென்றாலும் 40ஐத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான். ‘சும்மா பாடம்’ என்று சொன்னவர்களை ஒருக்கா இருந்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மொழிப்பாடங்களின் புள்ளியை மேலே ஏற்றுகிறார்கள் என்பதற்காகவே பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றி இறக்குகிற ஆட்கள் நாங்கள். அதைப் பேச வெளிக்கிட்டால் எனக்கு இன்றைக்கு நித்திரை வராது.

டியூஷன் வேண்டாம். பழைய வினாத்தாள்களும் பரீட்சகர் அறிக்கைகளும் சோதினை நடத்துகிற விசிஏஏயின் தளத்தில் காசில்லாமல் கிடக்கின்றன. 2025இல் பாடத்திட்டம் மாறியது, அதற்கு முந்தைய தாள்களைப் புதியதோடு ஒத்துப்பார்த்துச் செய்யட்டும். சோதினை 2 மணித்தியாலம், வாசிக்க 15 நிமிடம் தனி. மணிக்கூட்டை வைத்து எழுதிப் பழகட்டும். வேறொன்றும் பெரிதாக இல்லை.

இனி அந்த மஞ்சள் தாளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடமும் அதுதான்.

1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் ஒரு மாநாடு கூடி, மனிதர் நலமாக இருப்பதற்கு முதலில் என்னென்ன வேண்டுமென்று எழுதிவைத்தது. சமாதானம், உறைவிடம், கல்வி, உணவு, வருமானம், நிலையான சூழல், நீடித்திருக்கும் வளங்கள், சமூக நீதியும் சமத்துவமும். எட்டையும் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். அதில் டொக்டர் இல்லை, ஆசுபத்திரி இல்லை, குளிசை இல்லை. பிள்ளை டொக்டராக வரவேண்டுமென்று தலைகீழாக நிற்கிற எங்களுடைய சனம் இந்தப் பட்டியலைக் கோயில் மதிலில் எழுதிவைக்கலாம். அவர்கள் அதை எழுதி நாலாம் வருடம் யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் நின்றது.

என்னுடைய அம்மம்மாவுக்குச் சலரோகம். இன்சுலின் போத்தலைக் குளிரில் வைக்கவேணும், குளிர்சாதனப் பெட்டியோ உடுப்பு அடுக்குகிற அலுமாரியாகி வருடக்கணக்கு. பெரிய பானைக்குள் சின்னச் சட்டி, இரண்டுக்கும் நடுவே ஆற்றுமணல், மேலே நனைத்த சாக்கு. காலையிலும் பின்னேரமும் மணலுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. கையை உள்ளே விட்டால் கிணற்றடிக் குளிர் இருக்கும். கப்பல் வந்தால் மருந்து வரும். வராத கிழமைகளில் அம்மம்மா சோற்றைக் குறைப்பா, பிறகு ஊசியையும் பாதியாகக் குறைப்பா. யாரும் சொல்லிக்கொடுக்காத கணக்கு அது.

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அன்று, என்ன நடந்ததென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் சனம் நகரவே இல்லை. சைக்கிள் ஹாண்டிலில் அந்தச் சட்டியைத் துணியால் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். கரியரில் அம்மம்மா. நெரிசலில் ஓரிடத்தில் அவவை இறக்கி நடக்கவைக்க வேண்டியதாயிற்று, செருப்பு ஒன்று சேற்றோடு போனது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பத்தோடு இருந்தோம். காலில் ஒரு புண், ஐந்து சதக் காசு அளவு. ஆறவில்லை. போத்தல் இரண்டும் முடிந்தன. “என்ரை கிணத்தடியிலை ஒருக்காக் குளிச்சாக் காணும்” என்பதை மட்டும் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தா. தைப்பொங்கலுக்கு முந்தைய கிழமை போய்ச் சேர்ந்தா. வயது 66. குண்டும் படவில்லை, ஷெல்லும் படவில்லை. போரில் செத்தவர்களின் எந்தக் கணக்கிலும் அவவின் பெயர் இல்லை.

உங்கள் மகளின் பாடத்தில் கணக்கு இருக்கிறது. ‘டாலி’ என்பார்கள். அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளையும் நோயோடு கழித்த ஆண்டுகளையும் கூட்டி வருவது, ஒரு டாலி என்றால் நலமான வாழ்வில் ஓராண்டு போயிற்று என்று பொருள். 2019இல் என் மகள் இதைக் குசினி மேசையிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக அம்மம்மாவின் கதையை அவளுக்குச் சொன்னேன், அவள் பிறந்து 17 வருடம் கழித்து. கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. கொப்பியின் ஓரத்தில் 85இலிருந்து 66ஐக் கழித்தாள். “பத்தொன்பது, அப்பா. ஆனா இது ஒஸ்ட்ரேலியப் பொம்பிளையின்ர கணக்கு” என்றாள். சரியான முறை அதுவல்ல, அட்டவணையெல்லாம் உண்டு. நான் திருத்தவில்லை.

இப்போது சொல்லுங்கள். 1997இல் வெளிக்கிட்ட நீங்கள் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்திருப்பீர்கள். ஜாம் போத்தலில் பஞ்சைப் போட்டு நாலு சொட்டு மண்ணெண்ணெயில் படித்திருப்பீர்கள். சமாதானத்துக்கும் நலத்துக்கும் என்ன சம்பந்தமென்று ‘தெரியவில்லை’யா? தெரியவில்லை என்று எழுதாதேங்கோ, சொல்ல மனம் வரவில்லை என்று எழுதுங்கோ. அதை நான் ஒப்புக்கொள்வேன். 17 வருடம் வாயைத் திறக்காதவன் உங்களைப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயந்தான். ஆனாலும் பேசுவேன், ஏனென்றால் கேட்டது பிள்ளை. தானாக வந்து கேட்டிருக்கிறாள். அவளைப் போய்க் கூகிளிடம் அனுப்பிவிட்டீர்களே!

புள்ளி எடுக்கிற வழியும் இதற்குள்தான் இருக்கிறது. “சமாதானம் இருந்தால் மக்கள் நலமாக இருப்பார்கள்” என்று எழுதினால் ஒன்றும் கிடையாது. சங்கிலி வேண்டும். பாதை பூட்டு, ஆகவே மருந்து வராது, ஆகவே சீனி கட்டுப்படாது, ஆகவே புண் ஆறாது, அது உடல் நலம். பிறகு அதே சங்கிலியைத் திருப்பிப் போடவேண்டும்: பாதை திறந்திருந்தால், ஆயுதத்துக்குப் போன காசு ஆசுபத்திரிக்குப் போயிருந்தால், என்று. பிள்ளைகள் ‘ஆகவே’யை விழுங்கிவிட்டு முதலையும் முடிவையும் மட்டும் எழுதுவார்கள், நடுவிலே புள்ளி கழன்றுவிடும். என் மகள் எழுதியதை நான் வாசித்தபோது பத்துத் தடவையாவது ‘பிறகு?’ என்று கேட்டிருப்பேன். எரிச்சலில் பேனையை எறிந்தாள். நீங்களும் கேளுங்கள். பாதை பூட்டினால்? பிறகு? மருந்து வராவிட்டால்? பிறகு? அவள் எறிகிற வரைக்கும் கேளுங்கள்.

இந்தப் பாடத்தில் நலத்துக்குச் சொல்கிற ஐந்து பரிமாணங்களில் ‘ஸ்பிரிச்சுவல்’ என்று ஒன்று வரும். நம் பிள்ளைகள் உடனே கோயில் என்று எழுதிவிடுவார்கள். கோயிலும் வரலாம்தான். நான் அந்தக் கிணற்றடியைச் சொல்வேன். தன் இடம், தான் யாருடைய ஆள் என்கிற நிச்சயம். அம்மம்மா கடைசியில் கேட்டது மருந்தையல்ல.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் விடைத்தாளில் கதையாக எழுத விடாதீர்கள். நாலு புள்ளிக் கேள்விக்கு நாலைந்து வரிதான் இடம், அம்மம்மாவின் பெயர் அங்கே வேண்டாம்.

மற்ற ஏழு சொற்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உறைவிடத்துக்கு உங்களிடம் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் வெளிக்கிட்டது கப்பலிலா, வன்னிப் பக்கத்தாலா? எனக்கு எழுதுங்கள். மகளுக்குச் சொன்ன பிறகு.