தண்ணீருக்குப் போகாத படகு

கேள்வி: ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். பட்டறையை மூடிவிட்டதால் எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறேன். பெரிய கம்பெனியில் நிரந்தர வேலை கிடைக்கும்வரை வேறு எதற்கும் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆனால் இரவில் தூக்கம் வருவதில்லை. ‘ராபின்சன் குரூசோ’ படித்தேன். ஆளில்லாத் தீவில் ஒருவன் 28 ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கிறான். எனக்கு மட்டும் ஏன் அந்த மனவுறுதி இல்லை?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவொற்றியூர்.

பதில்: அன்புள்ள தம்பி, டேனியல் டீஃபோ 1719-இல் வெளியிட்ட அந்த நாவலில் குரூசோ தீவில் ஒதுங்கும் பக்கங்களை மீண்டும் புரட்டிப் பாருங்கள். 1659 செப்டம்பர் 30 அன்று கரையொதுங்கிய குரூசோ பித்துப் பிடித்தவனைப் போல அங்குமிங்கும் ஓடுகிறான். இருட்டியதும் விலங்குகளுக்கு அஞ்சி மரத்தில் ஏறித் தூங்குகிறான். மறுநாள், தரைதட்டி நின்ற கப்பல் கண்ணில் பட்ட பிறகுதான் அவனுக்கு உயிர் வருகிறது. அது சிதறிப்போவதற்குள் திரும்பத் திரும்பப் போய் ரொட்டி, அரிசி, துப்பாக்கி, வெடிமருந்து என்று கிடைத்ததையெல்லாம் கரைக்குக் கொண்டுவருகிறான். அவற்றுள் தச்சரின் கருவிப் பெட்டியைத்தான் ஒரு கப்பல் நிறைய தங்கத்தைவிட மேலாக மதிக்கிறான். அந்த நவம்பர் 4-ஆம் தேதிக்குள், காலையில் வேட்டை, பதினொரு மணிவரை வேலை, வெயில் நேரத்தில் இரண்டு மணிவரை உறக்கம், மாலையில் மறுபடி வேலை என்று தன் பொழுதை வகுத்துக்கொண்டுவிடுகிறான். நீங்கள் மனவுறுதி என்று வியப்பது இந்த ஒழுங்கிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்ததே என்பது என் எண்ணம்.

வெறும் உறுதி என்ன செய்யும் என்பதையும் டீஃபோ காட்டியிருக்கிறார். தீவைவிட்டுத் தப்பிக்க வேண்டும் என்ற வெறியில் குரூசோ ஒரு பெரிய தேவதாரு மரத்தை இருபது நாட்கள் வெட்டிச் சாய்க்கிறான்; கிளைகளைக் கழிக்கப் பதினான்கு நாட்கள், வடிவம் கொடுக்க ஒரு மாதம், உள்ளே குடைய ஏறத்தாழ மூன்று மாதங்கள். இருபத்தாறு பேர் ஏறக்கூடிய படகு தயாராகிவிடுகிறது. ஆனால் நூறு கஜம் தள்ளியிருந்த தண்ணீருக்கு அதை அவனால் நகர்த்தவே முடியவில்லை. வாய்க்கால் வெட்டலாம் என்றால், தனியாளாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடிக்கும் என்று கணக்கு வருகிறது. எவ்வளவு உறுதி, எவ்வளவு வீண்! பிறகு அவன் சிறிய படகு ஒன்றைச் செய்து, வாய்க்கால் வெட்டி, அதைத் தண்ணீரில் இறக்கவும் செய்கிறான். நிரந்தர வேலையைத் தவிர வேறு எதற்கும் போவதில்லை என்று எட்டு மாதம் பிடிவாதமாக இருந்த உங்களிடம் உறுதிக்குக் குறைவில்லை. அது முழுவதும் அந்தப் பெரிய படகுக்குள் போய்விட்டது.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டுகள் தனிமையைத் தாங்கிய குரூசோ, மணலில் ஒற்றைக் காலடித் தடத்தைக் கண்ட இரவில் கண்ணை மூடவே இல்லை. அதற்கு முன்பு காய்ச்சலில் விழுந்தபோது, புகையிலையை ரம்மில் ஊறவைத்தாவது மருந்து தேடிக்கொண்டான். (அந்த வைத்தியத்தை நீங்கள் பின்பற்ற வேண்டாம்.) தூக்கமின்மை நீடித்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு மருத்துவரைப் பாருங்கள், வீட்டிலிருந்தே பேச 14416 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கருவிப் பெட்டி உங்கள் கைத்தொழில்தான். நிரந்தர வேலைக்கு விண்ணப்பிப்பதை நிறுத்த வேண்டாம்; அதற்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் பக்கத்திலிருக்கும் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகுகளைப் பழுதுபார்ப்பது அப்போதுதான். ஷாஃப்ட், புரொப்பல்லர் வேலைகளுக்கு டர்னர் தேவைப்படுவார். தடைக்காலம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே பட்டறைகளில் விசாரியுங்கள். சான்றிதழின் நகலையும் வெர்னியர் அளவுகோலையும் எடுத்துச் செல்லுங்கள். கூலி நாள் கணக்கா, உருப்படிக் கணக்கா என்பதை வேலையில் கை வைக்கும் முன்பே பேசிவிடுங்கள்.