ஏழு மாதத்தில் திரும்பி வந்த மகன்

அன்புள்ள டாக்டருக்கு,

சொந்த ஊர் திருச்சி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு வந்து 22 வருடமாகிறது. கணவர் இந்த ஊர்க்காரர், மார்மன் சபையில் பிறந்து வளர்ந்தவர். நான் சபையில் சேரவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. காப்பி, டீ தொடாத வீட்டில் எனக்கென்று ஒரு ஃபில்டர் மட்டும் உண்டு. பிள்ளை அப்பா வழியில் வளரட்டும் என்று சம்மதித்தவள் நான்தான்.

18 முடிந்ததும் அவன் மிஷனுக்கு, அதாவது சபை அனுப்பும் ஊரில் வீடு வீடாகப் போய் மதத்தைப் பரப்பும் ஊழியத்துக்கு, விண்ணப்பித்தான். எந்த ஊர் என்பது நம் கையில் இல்லை. அழைப்பு வந்த அன்று வீடு நிறைய சொந்தக்காரர்கள். 'சிலி' என்று அவன் வாசித்ததும் ஒரே ஆரவாரம். புரோவோவில் உள்ள சபையின் பயிற்சி மையத்தில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு, 24 மாதத்துக்கென்று கிளம்பினான்.

ஏழாவது மாதமே திரும்பிவிட்டான். தூக்கம் போய், மூச்சு முட்டி, ஒவ்வொரு வீட்டுக் கதவின் முன்னும் கை நடுங்கியதாம். அங்கிருந்த மிஷன் தலைவர் மருத்துவரிடம் காட்டி, கனிவாகத்தான் அனுப்பிவைத்தார். வாராவாரம் வீடியோவில் பேசினோமே, எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் அதே நேரத்தில் இன்னொரு பையன் இரண்டு வருடம் முடித்து வந்திருந்தான். பலூன், பேனர், தாத்தா பாட்டி என்று பெரிய கூட்டம். சட்டையில் குத்தியிருந்த கறுப்புப் பெயர் அட்டையைக் கையால் மறைத்தபடி என் பிள்ளை அவர்களைத் தாண்டி வந்தான்.

ஐந்து வாரமாகிறது. சபைக்குப் போவதில்லை. பார்ப்பவர்கள் எல்லாம் 'எப்போது திரும்பிப் போகிறாய்?' என்கிறார்கள். 'தாய் நம்பாத வீட்டில் வேறென்ன நடக்கும்' என்று மாமியார் சொன்னது என் காதில் விழுந்தது. கணவர் வாயே திறப்பதில்லை. காலை ஆறரைக்கு இன்னமும் அவன் அலாரம் அடிக்கிறது. எழுந்து குளித்துவிட்டு, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான்.

யாரிடமும் சொல்லாத ஒன்று. அவன் வந்தது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். 'போதும் கண்ணா, உனக்கு அதெல்லாம் வேண்டாம்' என்றேன். அன்றிலிருந்து என்னோடும் பேச்சில்லை.

ஒரு தாய், யூட்டா

அன்புச் சகோதரி,

கடைசியில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். பிள்ளை கண்முன் இருப்பதில் தாய்க்கு வரும் நிம்மதியில் தப்பே இல்லை. ஆனால் நீங்கள் சொன்னது அவன் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும். அவன் உயிராக நினைத்துப் போன காரியம் 'அதெல்லாம்' ஆகிவிட்டது. சபைக்காரர்கள் பாதியில் விட்டவன் என்கிறார்கள், அம்மாவோ போனதே வீண் என்கிறாள். பாவம், அவன் எங்கே போய் நிற்பான்?

அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடிந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை கூட ஒரு துணை மிஷனரி. அவரை இவன் தேர்ந்தெடுக்கவில்லை. குளியலறையைத் தவிர தனிமை கிடையாது, சொந்தப் பெயர்கூட 'எல்டர்' என்ற அடைமொழிக்குப் பின்னால் போய்விடுகிறது. அரைகுறை மொழியில் பேசி, நாளெல்லாம் 'வேண்டாம்' என்று கேட்டு நடக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டோடு பேச. அந்த அழைப்பின்போதும் துணைவர் பக்கத்திலேயே இருந்திருப்பார். அழ இடமில்லாத பிள்ளை சிரித்துத்தான் பேசியிருப்பான். உங்களுக்குத் தெரியாமல் போனது உங்கள் குற்றமில்லை. 2012 வரை ஆண்கள் 19 வயதில்தான் போனார்கள், பிறகு 18 ஆக்கினார்கள். பலர் பள்ளி முடித்த கையோடு கிளம்புகிறார்கள். சிலருக்கு அது ஒத்துக்கொள்கிறது, சிலருக்கு இல்லை. பதற்ற நோய் தொடங்குவதும் பெரும்பாலும் இளவயதில்தான். மாமியார் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் கணவர் பேசியாக வேண்டும். இது அப்பாவின் சபை, அப்பாவின் மௌனத்தைத் தீர்ப்பாகத்தான் பிள்ளை எடுத்துக்கொள்வான். சபையின் அப்போஸ்தலராக, அதாவது உயர்தலைவர்களில் ஒருவராக, இருந்த ஜெஃப்ரி ஹாலண்ட், 2016இல் இப்படிப் பாதியில் திரும்பிய ஓர் இளைஞரிடம், 'மிஷன் போனாயா என்று கேட்டால் ஆம் என்று சொல், எத்தனை மாதம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை' என்ற பொருளில் பேசினார். இதைக் கணவரிடம் சொல்லுங்கள். உங்களை விட அவர் வாயிலிருந்து வந்தால்தான் மகனுக்குத் தைரியம்.

வீட்டிலிருந்தபடியே செய்யும் சேவை மிஷன் என்று ஒன்று சபையில் உண்டு. அதை இப்போது யாரும் அவன் முன் நீட்ட வேண்டாம். முதலில் சிகிச்சை. தூக்கமின்மையும் மூச்சுமுட்டலும் பிரார்த்தனைக் குறைவால் வருவதில்லை, நல்ல மனநல சிகிச்சையில் வெகுவாகக் குறையும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், உடனே அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ அழையுங்கள்.

நாளை ஆறரைக்கு அலாரம் அடிக்கும்போது நீங்கள் அடுப்பங்கரையில் இருங்கள். உங்களுக்குக் காப்பி, அவனுக்குச் சூடாகப் பால். 'அன்றைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு' என்று சொல்லுங்கள். பிறகு, அங்கே கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டவர்கள் யாராவது உண்டா என்று மட்டும் கேளுங்கள். ஏழு மாதத்தில் ஒருவராவது இருந்திருப்பார். அவன் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.