எல்லாவற்றிலும் சமமான விசார்ட் வேண்டும் என்று கேட்கிறவருக்கு

"டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் முதல்முறையாக விசார்ட் ஆடப் போகிறேன். எதிலும் பலவீனம் இல்லாமல், எல்லாம் சமமாக இருக்கிற மாதிரி கேரக்டரை எப்படி அமைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதை ஆடுகிற விளையாட்டு. விசார்ட் என்றால் அதில் வரும் மந்திரவாதி, ஸ்பெல் என்றால் அவர் போடும் மந்திரம்.)

நீங்கள் இப்போது 27 புள்ளிகளை வைத்துக்கொண்டு, கேரக்டர் ஷீட்டில் திறன்களுக்காக இருக்கும் ஆறு கட்டங்களுக்கும் பிரித்துப் பிரித்து எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து பிரிக்காதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். அதனால் செத்தது என் கேரக்டர் இல்லை, அடுத்தவருடையது. இவ்வளவு நீளமாக எழுத அதுதான் காரணம்.

என் முதல் விசார்டுக்கு மூன்று கட்டத்தில் 13, மூன்று கட்டத்தில் 12 போட்டேன். 13க்கு ஐந்து புள்ளி, 12க்கு நான்கு புள்ளி, கூட்டினால் சரியாக 27. மனித இனம் எடுத்ததால் எல்லாவற்றிலும் ஒன்று கூடி 14ம் 13மாக ஆனது. ஷீட்டைப் பார்க்க அவ்வளவு திருப்தியாக இருந்தது. வாளும் தூக்கலாம், நாலு பேரிடம் பேசிச் சமாளிக்கவும் செய்யலாம் என்று ஸ்ட்ரெங்த்துக்கும் கரிஸ்மாவுக்கும் 14 வைத்தேன். விசார்டின் மந்திரத்துக்கு அடிப்படையான இன்டெலிஜென்ஸும் 14. சுறுசுறுப்பைக் குறிக்கிற டெக்ஸ்டெரிட்டியும் உடல் உறுதியைக் குறிக்கிற கான்ஸ்டிட்யூஷனும் 13. ஸ்பெல் புத்தகத்தில் முதலில் எழுதிக்கொள்ளும் ஆறு ஸ்பெல்களில் ஐந்து அடிக்கிற வகை. இதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. விசார்டுக்கு உயிர்ப் புள்ளி ஆறு பக்கப் பகடையில்தான். முதல் லெவலில் எனக்கு 7. ஆர்மர் கிளாஸ், அதாவது என்மேல் அடி படுவது எவ்வளவு கடினம் என்கிற எண், 11.

எங்கள் மேசை சனிக்கிழமை இரவுகளில், ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேர். அந்த வாரம் நண்பனின் தங்கை புதிதாகச் சேர்ந்தாள். காயம் ஆற்றுகிற கிளெரிக் ஆடினாள். நோட்டுத் தாளில் தன் கேரக்டரைத் தானே வரைந்து, தலைமுடிக்கு மட்டும் சிவப்புப் பென்சில் தீட்டி எடுத்து வந்திருந்தாள். "அண்ணா, நான் உங்க பின்னாடியே நிக்கறேன், அடிபட்டா சொல்லுங்க" என்றாள்.

ஓடைக்கு மேலே ஒரு மரக்கட்டைப் பாலம். அக்கரையில் வில்லோடு மூன்று காப்ளின்கள், குட்டிப் பூதங்கள். என்னிடம் அந்த நாளுக்கு ஒரே ஒரு ஸ்லாட், அதாவது ஒரு ஸ்பெல் போடுகிற வாய்ப்பு, மிச்சம். மேஜிக் மிசைல் விட்டேன். மூன்று மந்திர அம்பும் குறி தவறாது, சராசரியாகப் பத்தரை புள்ளி சேதம். காப்ளினுக்கு உயிர் 7. ஒன்று விழுந்தது. மற்ற இரண்டும் என்மேல் அம்பு விட்டன. என் ஆர்மர் கிளாஸுக்கு அவற்றுக்கு 20 பக்கப் பகடையில் 7 விழுந்தால் போதும். இரண்டும் பட்டு நான் விழுந்தேன். அவள் என்னைத் தூக்கிவிடக் கட்டைமேல் கால் வைத்தாள். அடுத்த சுற்றில் அவளும் விழுந்தாள். மற்றவர்கள் அக்கரைக்குப் போய்ச் சண்டை போட, நாங்கள் இரண்டு பேரும் சாவுப் பகடையை மாறி மாறி உருட்டிக்கொண்டிருந்தோம். 10ஓ அதற்கு மேலோ மூன்று முறை விழுந்தால் பிழைப்பு, கீழே மூன்று முறை விழுந்தால் சாவு. நான் பிழைத்தேன். அவளுக்கு 4, 7, கடைசியாக 9. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் விதிப் புத்தகத்தை மறுபடி திறந்தேன். ஸ்லீப் என்று ஒரு முதல் லெவல் ஸ்பெல் இருக்கிறது. எட்டுப் பக்கப் பகடை ஐந்தை உருட்டி, வருகிற கூட்டுத்தொகை அளவுக்கு உயிர்ப் புள்ளி உள்ளவர்களைத் தூங்க வைக்கும். சராசரி 22.5. மூன்று காப்ளினுக்கும் சேர்த்து உயிர் 21. அதே ஒரு ஸ்லாட்தான். நான் புத்தகத்தில் எழுதிக்கொள்ளாமல் விட்டது அதை.

"இது கதை சொல்கிற விளையாட்டு, கணக்குப் பார்க்கிறவர்கள் கெடுத்துவிடுகிறார்கள்" என்று இந்தப் பதிலுக்குக் கீழே யாராவது நிச்சயம் எழுதுவார்கள். எனக்கும் கதைதான் முக்கியம். ஒரு பெண் ஆசையாக வரைந்து கொண்டுவந்த ஆள் முதல் நாளே செத்துப்போவதைக் கதை என்று என்னால் ஏற்க முடியாது. கூட ஆடுகிறவர்களுக்கு நாம் கொடுக்கிற மரியாதைதான் இந்தக் கணக்கு.

சரி, இப்போது நான் ஆடுகிற விசார்டைச் சொல்கிறேன். 2014 விதிகள்படி, ஹை எல்ஃப் இனம். இன்டெலிஜென்ஸ் 15, அதற்கு ஒன்பது புள்ளி. டெக்ஸ்டெரிட்டி 14, கான்ஸ்டிட்யூஷன் 14, ஏழும் ஏழும். விஸ்டம் 12, நான்கு. ஸ்ட்ரெங்த்தும் கரிஸ்மாவும் 8லேயே கிடக்கட்டும், அவற்றுக்குச் செலவே இல்லை. எல்ஃப் என்பதால் டெக்ஸ்டெரிட்டியும் இன்டெலிஜென்ஸும் 16 ஆகிவிடும். மேஜ் ஆர்மர் என்கிற ஸ்பெல் போட்டால் எட்டு மணி நேரத்துக்கு ஆர்மர் கிளாஸ் 16. அதே காப்ளினுக்கு இப்போது 12 விழுந்தாக வேண்டும். அம்பு படுகிற நேரத்தில் ஷீல்ட் என்கிற ஸ்பெல் சொன்னால் 21 ஆகிவிடும், 17 விழ வேண்டும்.

ஷீட் கோணலாகத் தெரியும், தெரியட்டும். நீங்கள் கேட்கிற சமநிலை ஸ்பெல் புத்தகத்தில் இருக்கிறது. மேஜ் ஆர்மரும் ஷீல்டும் உயிரோடு இருக்க. ஸ்லீப் கூட்டத்தைச் சமாளிக்க. மேஜிக் மிசைல் தப்பாமல் அடிக்க. இன்டெலிஜென்ஸ் 16க்குக் கிடைக்கிற கூட்டல் மூன்றும் லெவல் ஒன்றும் சேர்ந்து, முதல் லெவலில் ஒரு நாளைக்கு நான்கு ஸ்பெல்லைத்தான் தயார் செய்யலாம், அந்த நான்கும் இவை. மிச்சம் இரண்டு இடத்தில் ஃபைண்ட் ஃபெமிலியரையும் டிடெக்ட் மேஜிக்கையும் எழுதுங்கள். இரண்டும் ரிச்சுவல், அதாவது சடங்காகச் செய்யக்கூடியவை. தயார் செய்ய வேண்டாம், ஸ்லாட் செலவில்லை, புத்தகத்தைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும். ஃபெமிலியர் என்றால் கூடவே வருகிற மந்திரப் பிராணி, என்னுடையது ஒரு ஆந்தை. இருட்டுக் குகைக்குள் முதலில் போவது அதுதான். அடுத்த லெவலில் ஃபெதர் ஃபால் எழுதிக்கொள்ளுங்கள், பாலம் உடைந்தால் ஐந்து பேரைக் காப்பாற்றும்.

மவுன்டன் டுவார்ஃப் எடுத்தால் கவசமே போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். தெரியும், அதுவும் நல்ல வழிதான், எனக்கு எல்ஃப் பிடித்திருக்கிறது. அப்புறம் நம் ஊரில் மந்திரவாதி என்றதும் மண்டை ஓடும் மையும்தான் நினைவுக்கு வரும். இந்த ஆள் அப்படி இல்லை, படிக்கிற ஆள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது இவருக்குப் பெயர் மேஜிக் யூசர், முதல் லெவலில் ஒரே ஒரு ஸ்பெல். அதோடு பார்த்தால் நமக்குக் கிடைப்பது தாராளம்.

பகடை என்று எழுதியதும் இன்னொன்று மனதில் உறுத்துகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை கதவருகே நின்று மேசையில் பகடைகளைப் பார்த்தார். மறுநாள் காலை, "குடும்பம் இருக்கிற இடம் தம்பி, சூதாட்டமெல்லாம் வேண்டாம், ஒரு மாசத்துல வேற வீடு பார்த்துக்கோங்க" என்றார். மேசையில் ஒரு ரூபாய் கிடையாது. விதிப் புத்தகத்தை எடுத்துப்போய்க் காட்டினேன், வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அம்மா அதே வீட்டுத் திண்ணையில் பேரப்பிள்ளைகளோடு தினமும் தாயம் உருட்டுவார். அதுவும் பகடைதானே! இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கான்ஸ்டிட்யூஷன் 14 வையுங்கள் என்று ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், பல நல்ல ஸ்பெல்கள் கவனம் கலையாமல் பிடித்துக்கொண்டிருந்தால்தான் நிற்கும். அடிபட்டால் பகடை உருட்டி, கான்ஸ்டிட்யூஷன் கூட்டல் சேர்த்துக் குறைந்தது 10 வர வேண்டும். மூன்றாவது லெவலில் ஒரு குறுகலான மாடிப்படியில் வெப் என்கிற வலை ஸ்பெல் போட்டேன். ஆறு எதிரிகள் வலையில். நண்பனின் தங்கை திரும்பி வந்திருந்தாள், இந்த முறை ஃபைட்டர், படியின் மேல் முனையில் தனியாக நிற்கிறாள். ஒரு அம்பு என்மேல் பட்டது. உருட்டினேன், 8. என் கூட்டல் 2, சரியாக 10, வலை நின்றது. பழைய விசார்டாக இருந்திருந்தால் கூட்டல் ஒன்றுதான், 9, ஆறு பேரும் அவள்மேல் ஏறியிருப்பார்கள். அவள் மேசையைத் தட்டிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள்.

ஆட்டத்தை நடத்துகிற உங்கள் டன்ஜன் மாஸ்டரிடம், 2014 விதிகளா 2024 விதிகளா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புதியதில் ஸ்லீப் வேலை செய்கிற விதம் மாறிவிட்டது, இனத்துக்குப் பதிலாகப் பின்னணியை வைத்துப் புள்ளி கூடுகிறது, எனவே என் எண்களை அப்படியே எடுக்க முடியாது. மேசையில் வேறு யார் என்ன ஆடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஆறு ஸ்பெல்லையும் தேர்ந்தெடுத்த பிறகு இங்கேயே எழுதுங்கள், நேரம் ஒதுக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.