நாற்பது காற்று பிடித்தால் மைலேஜ் கூடுமா?

வாசகர்களின் வாகனக் கேள்விகளுக்கு, கிருஷ்ணகிரியில் டயர், வீல் அலைன்மென்ட் பட்டறை நடத்துபவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, என் சிறிய காருக்கு 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று என்று கையேட்டில் இருக்கிறது. மைலேஜ் கூடும் என்று நண்பர் சொன்னதால் நான்கு டயருக்கும் 40 பிடித்தேன். மைலேஜ் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் மிதித்தால் வண்டி தரையில் ஒட்டாமல் போவதுபோல் பயமாக இருக்கிறது. இது என் பிரமையா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: பிரமை இல்லை, தம்பி. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

உங்கள் கார் ஏறத்தாழ 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 250 கிலோ. 33 காற்றில் அந்த எடையைச் சுமக்க டயர் தரையில் சுமார் 108 சதுர சென்டிமீட்டர் இடம் பிடிக்கிறது. ஓர் அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் சிறிய இடம். 40 ஆக்கியதும் அது 90-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. டயரின் சொந்த விறைப்பையும் சேர்த்தால் எண்கள் சற்று மாறும், ஆனால் பிடிமானம் குறைகிறது என்பது மாறாது. காற்று கூடிய டயர் நடுவில் புடைக்கிறது. ஓரங்கள் பேருக்குத்தான் தரையைத் தொடுகின்றன. அதனால்தான் நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேய்ந்து மொட்டையாகிறது. மைலேஜில் மிச்சம் பிடித்த காசு டயர் கடையில் போய்விடும்.

அதைவிடப் பெரிய விஷயம் துள்ளல். சாலையில் ஒரு மேடு வந்தால் ஷாக் அப்சார்பருக்கு முன்பே அதை வாங்கிக்கொள்ள வேண்டியது டயர்தான். டயர் கல்லாக இருந்தால் மேட்டை உள்வாங்காமல் அதிலிருந்து எகிறுகிறது. எகிறும் அந்த நொடியில் சக்கரத்தின் மேல் எடை இல்லை. எடை இல்லாத சக்கரம் பிரேக்குக்குக் கட்டுப்படாது. தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். முன்னும் பின்னும் பாரம் ஏற்றிய லாரிகள். அங்கே அந்த ஒரு நொடியை இழக்க யாருக்கும் உரிமை இல்லை.

புதிதாகப் போட்ட, காய்ந்த, வழவழப்பான சாலையில் 40 காற்றோடு ஓட்டினால் ஸ்டியரிங் சுறுசுறுப்பாகத் திரும்பும். இதுவும் உண்மைதான். அந்தச் சுகத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாளைக் காலையே 33-க்கு இறக்குங்கள். தொப்பூரில் இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பு வலி. தேன்கனிக்கோட்டை மருத்துவமனைக்குப் போய் வருவதற்குள் குலுக்கல் தாங்கவில்லை என்கிறார். காற்றை 24-க்குக் குறைத்துவிட்டேன். இப்போது மெத்தென்று போகிறது. இப்படியே தொடரலாமா?
– வாசகி, அஞ்செட்டி

பதில்: வேண்டாம் அம்மா, தயவுசெய்து இன்றே பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.

அந்த மெத்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? டயரின் பக்கச்சுவர் மடங்கி விரிவதிலிருந்து. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அது மடங்குகிறது, சூடாகிறது. அண்மையில் பட்டறைக்கு வந்த ஒரு காரின் பின்டயரைக் கழற்றினோம். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல டயர், பட்டன்கூட, அதாவது தரையில் படும் ரப்பரின் வரிப்பள்ளம்கூட, ஆழமாக இருந்தது. ரிம்மிலிருந்து பிரித்ததும் உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. பக்கச்சுவரின் உட்புறம் வட்டமாக அரைபட்டு, உள்ளிருக்கும் நூல் கண்ணுக்குத் தெரிந்தது. காற்றுக் குறைவாகவே பல நாள் ஓடிய டயர் அது. நெடுஞ்சாலை வேகத்தில் வெடிப்பது இப்படிப்பட்ட டயர்தான்.

உங்கள் காட்டுச் சாலை வளைவுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் பக்கச்சுவர் மடங்குகிறது. வண்டி அதற்குப் பிறகுதான் திரும்புகிறது. அந்தத் தாமதத்தில் நாம் இன்னும் கொஞ்சம் திருப்புவோம், வண்டி எதிர்ப்பக்கம் அகன்று போகும். மழைத் தண்ணீரிலும் காற்றுக் குறைந்த டயர் சீக்கிரம் மிதக்கிறது. 1960-களில் நாசா பொறியாளர்கள் விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். அதன்படி பார்த்தால், தேங்கிய தண்ணீரில் 33 காற்றுள்ள டயர் சுமார் 95 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விடுகிறது. 24 காற்றென்றால் 80 சொச்சத்திலேயே விட்டுவிடுகிறது. பட்டன் தேய்ந்திருந்தால் அதற்கும் முன்பே.

அம்மாவின் இடுப்புக்கு வேறு வழி இருக்கிறது. பின் இருக்கை கிட்டத்தட்டப் பின்சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறது, குலுக்கல் முழுவதும் அங்கேதான் ஏறும். அவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா, புஷ்கள் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் துண்டுகள்) தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். குழி தெரிந்தால் குழிக்கு முன்பே பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக்கோடு இறங்கினால் அடி இரட்டிப்பாக ஏறும். அவர் நலமடைய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: ஓசூரில் காலையில் 33 பிடித்துவிட்டுக் கிளம்பினேன். மதியம் தருமபுரி பங்கில் பார்த்தால் 38 காட்டியது. இறக்கிவிட்டேன். மறுநாள் ஊரில் பார்த்தால் 28! டயரில் கசிவா?
– வாசகர், ஓசூர்

பதில்: கசிவு இல்லை, நீங்கள் இறக்கிய காற்றுதான் குறைகிறது. ஓடும் டயர் சூடாகும், உள்ளே காற்று விரியும்; 4, 5 பிஎஸ்ஐ கூடுவது இயல்பு. கார் நிறுவனம் சொல்லும் அளவு குளிர்ந்த டயருக்கானது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அது இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்ட பிஎஸ்ஐ எண், டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று பிடிக்கக் கூடாது.

வெயிலும் பனியும்கூடக் கணக்கில் வரும். 5, 6 டிகிரி செல்சியஸ் மாறினால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ மாறுகிறது. சித்திரை வெயிலில் சரியாக இருந்த டயர், ஓசூரின் மார்கழிக் காலையில் குறைவாகக் காட்டுவது இதனால்தான்.

கேள்வி: மாம்பழப் பருவத்தில் ஐந்து பேரும், டிக்கி நிறைய அல்போன்சா, செந்தூராப் பெட்டிகளுமாகச் சென்னை போவோம். அப்போது மட்டும் வண்டியின் பின்பக்கம் ஆடுகிறது.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஸ்டிக்கரை மறுபடி பாருங்கள். பல கார்களில் இரண்டு வரிசை இருக்கும்: ஓரிருவர் போகும்போது ஓர் அளவு, முழு பாரத்துக்கு வேறோர் அளவு. முழு பாரத்தில் பின்டயருக்குக் கூடுதலாகக் கேட்டிருந்தால் பெட்டி ஏற்றுவதற்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

முன்னும் பின்னும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பட்டறைகளில்கூடப் பலர் பொருட்படுத்துவதில்லை. நான்குக்கும் ஒரே அளவு வைத்து அனுப்பிவிடுகிறார்கள். முன்டயரில் காற்று குறைந்தால் வண்டி வளைவில் திரும்ப மறுக்கும். அதை உடனே உணர்ந்து வேகத்தைக் குறைத்துவிடலாம். பின்டயரில் குறைந்தால், சட்டென்று ஒதுங்கும்போது வால் வெட்டி வீசும். அதைச் சமாளிக்கப் பழகிய ஓட்டுநருக்கே கடினம். கனமான பெட்டிகளை இருக்கையின் முதுகை ஒட்டி, அடியில் வையுங்கள். ஸ்டெப்னிக்கும் காற்று பாருங்கள். அது பெட்டிகளுக்கு அடியில் இருக்கிறது, வழியில் பஞ்சரானால் எல்லாவற்றையும் இறக்கித்தான் எடுக்க வேண்டும். வீடு திரும்பி பாரம் இறங்கியதும் காற்றையும் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

கேள்வி: நைட்ரஜன் பிடித்தால் இந்தத் தொல்லை எல்லாம் தீருமா?
– வாசகர், அரூர்

பதில்: தீராது. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டில் அதுவும் விரியும். கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவே. இலவசமாகக் கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். காசு கேட்டால், அந்தக் காசில் நல்ல காற்று மீட்டர் ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள்.