கம்ப்யூட்டர் கேள்வி பதில்: அப்பா டைப் பண்ணது எங்கயும் போகல

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி: எங்கப்பா 2004-ல எங்க ஊர் கோயில் வரலாறை அவரே கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி வெச்சிருந்தார். 80 பக்கம் இருக்கும். அவர் தவறி மூணு வருஷம் ஆச்சு. இப்ப அந்த ஃபைலை என் லேப்டாப்ல திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் புள்ளியுமா கன்னாபின்னான்னு வருது. ஃபைல் கெட்டுப்போச்சு, முழுசா மறுபடி டைப் பண்ணணும்னு இங்க கம்ப்யூட்டர் சென்டர்ல சொல்றாங்க. முதல் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், பாத்து சொல்லுங்க சார்.

அம்மா, முதல்ல மனசை தேத்திக்கங்க. ஃபைல் கெடவே இல்ல, அப்பா அடிச்சதுல ஒரு எழுத்து கூட போகல. மறுபடி டைப் பண்றதுக்கு யாருக்கும் அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

நீங்க அனுப்பின போட்டோவுல முதல் வார்த்தை என்னன்னு பாருங்க. ஜே, கே, பி, ஓ, கடைசியா ஒரு செமிகோலன் (jkpo;). அதைப் பாத்ததுமே எனக்கு தெரிஞ்சுபோச்சு, இது பாமினி ஃபான்ட். பாமினியில ஜே-ன்னா 'த', கே-ன்னா 'ம', பி-ன்னா மேல போடுற கொக்கி, ஓ-ன்னா 'ழ', செமிகோலன்தான் புள்ளி. அஞ்சையும் சேத்துப் படிச்சா 'தமிழ்'. உங்கப்பாவோட முதல் வார்த்தையே தமிழ்தான்.

அப்பல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள தமிழுக்குன்னு தனி இடம் பெருசா புழக்கத்துல இல்ல. அதனால இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல தமிழ் எழுத்தோட படத்தை வரைஞ்சு வெச்சு ஃபான்ட் பண்ணாங்க. கண்ணுக்குத்தான் அது 'த', கம்ப்யூட்டர் சேமிச்சு வெக்கிறது ஜே-யோட நம்பரான 106. பாமினி ஃபான்ட் இருக்கிற மெஷின்ல தமிழா தெரியும், இல்லாத மெஷின்ல ஜே-ன்னே தெரியும். இன்னைக்கு நாம போன்ல அடிக்கிறது யூனிகோட், அதுல 'த'வுக்குன்னே 2980-னு சொந்தமா ஒரு நம்பர் இருக்கு, வேற எந்த மொழியும் அதை எடுத்துக்க முடியாது. அதனாலதான் எந்த போன்ல எந்த கம்ப்யூட்டர்ல திறந்தாலும் தமிழ் தமிழாவே வருது.

இப்ப செய்ய வேண்டியது. அந்த ஃபைலை முதல்ல ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணை பென்டிரைவ்லயும் இன்னொண்ணை கூகுள் டிரைவ்லயும் போட்டுட்டு, அப்பா வெச்சிருந்த மூல ஃபைலை தொடாதீங்க, காப்பியில மட்டும் வேலை செய்யுங்க. வேர்டுல திறந்து எழுத்து மேல கிளிக் பண்ணா மேல ஃபான்ட் பெட்டியில பேர் தெரியும், பாமினின்னுதான் இருக்கும். (வேற யாராவது இதைப் படிச்சு உங்க பழைய ஃபைலைப் பாத்தா அங்க வானவில்னோ செந்தமிழ்னோ இருக்கலாம். யூனிகோடுக்கு மாத்துறப்ப அந்தந்த ஃபான்ட் பேரைத்தான் தேர்ந்தெடுக்கணும், மாத்திப் போட்டா வேற மாதிரி குப்பையா வரும்.) அப்புறம் பொங்குதமிழ், என்.ஹெச்.எம். கன்வர்ட்டர் மாதிரி எழுத்துரு மாற்றி எதுலயாவது பாமினியிலிருந்து யூனிகோடுன்னு குடுத்து, ஒரே மூச்சுல 80 பக்கத்தையும் போடாம அஞ்சு அஞ்சு பக்கமா காப்பி பண்ணிப் போடுங்க. நடுவுல அப்பா இங்கிலீஷ்ல எதாவது அடிச்சிருந்தா அதுவும் தமிழாகி அர்த்தமில்லாம நிக்கும், அந்த இடத்தை மட்டும் கையால திருத்திக்கலாம்.

ஒரு தப்பு மட்டும் வர வாய்ப்பு அதிகம், தேடிப் பாருங்க. பாமினியில ஔகாரத்துக்கு போடுற அந்த கடைசி குறியும் 'ள'வும் ஒரே கீதான். அதனால 'வெளியே'ன்னு இருக்கிறதை கன்வர்ட்டர் 'வௌ'ன்னு எடுத்துக்கிட்டு அதுக்கு மேல கொக்கியை தனியா தொங்கவிட்டுடும். பாக்க ஒரே மாதிரி இருக்கிறதால கண்ணுக்கு சட்டுன்னு படாது, ஆனா 'வெள்ளி'ன்னு தேடினா கிடைக்காது. கோயில் வரலாறுன்னா வெள்ளிக்கிழமை, வெள்ளி ரதம், வெளிப்பிரகாரம்னு பக்கத்துக்கு நாலு இருக்குமே. வேர்டுல கண்ட்ரோலும் ஹெச்-சும் சேத்து அழுத்தி, தேடுற பெட்டியில 'வௌ'ங்கிற ஒத்தை எழுத்தைப் போட்டு மாத்துற பெட்டியில 'வெ', 'ள'ன்னு தனித்தனியா அடிச்சு மாத்துங்க. அதே மாதிரி 'தௌ', 'பௌ', 'கௌ' எல்லாம் பாருங்க, ஆனா 'எல்லாத்தையும் மாத்து'ன்னு ஒரேயடியா குடுத்துடாதீங்க, பௌர்ணமியும் கௌமாரியும் நிஜமாவே ஔகாரம், அதுங்க பாவம் கெட்டுப்போயிடும்.

ஃபைலே கிடைக்கல, அச்சடிச்ச பேப்பர்தான் இருக்குன்னா கூட வழி இருக்கு. நல்ல வெளிச்சத்துல பக்கத்தை நேரா படம் எடுத்து கூகுள் டிரைவ்ல ஏத்தி, ரைட் கிளிக் பண்ணி கூகுள் டாக்ஸ்ல திறக்கச் சொன்னா படத்துக்குக் கீழ தமிழ் எழுத்தா வந்து நிக்கும். அங்கங்க பிழை இருக்கும்தான், ஆனா மறுபடி அடிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். முடிச்சதும் ஒரு பிரதி கோயிலுக்கும் குடுங்கம்மா.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: 'கரண்ட் பில் கட்டலை, இன்னைக்கு ராத்திரி கட் பண்ணிடுவோம்'னு மெசேஜ் வந்துச்சு, கூடவே ஒரு லிங்க். லிங்க்ல அரசாங்க பேர் எல்லாம் இருக்கு, பூட்டு படமும் இருக்கு. ஆனா நான் பில் கட்டிட்டேன். எது நிஜம் எது போலின்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கட்டினவருக்கு கட்டலைன்னு வந்தாலே அது போலி சார், தொடாம விட்டீங்களே, அதுவே நல்லது. எங்க சித்தப்பாவுக்கு இதே மாதிரி ஒண்ணு வந்து, ராத்திரி நேரம், வீட்ல ஏசியில பேரப்பிள்ளை தூங்குது, கரண்ட் போயிடுமேங்கிற பயத்துல தட்டிட்டார், 18 ஆயிரம் போச்சு. அதனால இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

வெப்சைட் முகவரியை நம்ம பேர் மாதிரி படிக்கணும். நம்ம பேர்ல இனிஷியல் முன்னாடி வரும், ஆள் யாருங்கிறது கடைசியிலதான் இருக்கும். முகவரியும் அப்படித்தான். ஆரம்பத்துல வர்ற ரெண்டு சாய்வுகோட்டைத் தாண்டினதும், அடுத்து வர்ற முதல் சாய்வுகோடு வரைக்கும் எடுத்துக்கிட்டு, அந்த கோட்டுல தொடங்கி வலமிருந்து இடமா படிங்க. தமிழ்நாடு அரசு தளம்னா பெரும்பாலும் 'டிஎன் டாட் கவ் டாட் இன்'னு முடியும். திருடன் என்ன செய்வான்னா, 'டிஎன் டாட் கவ் டாட் இன் டாட் பில்பே டாட் காம்'னு வெப்பான். அரசாங்க பேர் முழுசா இருக்கு, ஆனா அது வெறும் இனிஷியல், ஆள் 'பில்பே டாட் காம்'. போன்ல பாதி முகவரிதான் தெரியும்ங்கிறதால அந்த முன்பகுதியை மட்டும் பாத்து ஏமாந்துடுறோம். அதனால முகவரி பட்டியில ஒரு தட்டு தட்டி கடைசி வரைக்கும் நகர்த்திப் பாருங்க.

பூட்டுக்கு நாம நெனைக்கிற அர்த்தம் இல்ல. உங்களுக்கும் அந்த தளத்துக்கும் நடுவுல யாரும் ஒட்டுக்கேக்க முடியாதுங்கிறது மட்டும்தான் அதோட அர்த்தம், அந்தப்பக்கம் இருக்கிறவன் யோக்கியன்னு அது சொல்லல. திருடனும் இலவசமாவே பூட்டு வாங்கலாம். ஜனங்க இதை தப்பா புரிஞ்சுக்கிறாங்கன்னுதான் குரோம் பிரவுசர்ல 2023-ல அந்த பூட்டு படத்தையே எடுத்துட்டாங்க.

பேங்க் விஷயத்துல ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கு. இந்தியாவுல இருக்கிற பேங்க்குகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள்ள 'டாட் பேங்க் டாட் இன்'னு முடியிற முகவரிக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுச்சு. அந்த கடைசிப் பகுதியை பேங்க் தவிர வேற யாரும் வாங்க முடியாது. நெட் பேங்கிங் போறப்ப கடைசியில அது இருக்கான்னு பாத்துட்டு பாஸ்வேர்டு அடிங்க, வீட்ல பெரியவங்களுக்கும் இதை ஒரு தடவை உக்காரவெச்சு காட்டிக் குடுங்க.

பணம் போயிட்டா வெக்கப்பட்டுக்கிட்டு காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் பண்ணுங்க. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொண்ணுக்கு தாவிக்கிட்டே இருக்கும், நீங்க சொன்ன நேரத்துக்கு அது எங்க நிக்குதோ அங்க முடக்குவாங்க. சித்தப்பா அரைமணி நேரத்துல கூப்பிட்டதால கொஞ்சமாவது நின்னுச்சு. அதே மாதிரி கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம்னு வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைல் வந்தா, சொந்தக்காரங்க நம்பர்லருந்தே வந்தாலும் திறக்காதீங்க. பத்திரிகைன்னா அது படமாவோ பிடிஎஃப்-ஆவோ வரும், ஏபிகேன்னா அது ஒரு ஆப், உள்ள வந்தா உங்க ஓடிபி-யை எல்லாம் படிக்கும்.

தர்மபுரியிலிருந்து ஒரு வாசகி: அண்ணா, ஐபிபிஎஸ் பேங்க் எக்ஸாமுக்கு அப்ளை பண்றேன். போட்டோ 20-லிருந்து 50 கேபி, கையெழுத்து 10-லிருந்து 20 கேபி இருக்கணுமாம். என் போட்டோ 3 எம்பி. பிரவுசிங் சென்டர்ல 100 ரூபா கேக்குறாங்க.

தங்கச்சி, 100 ரூபாயை பஸ்ஸுக்கு வெச்சுக்க. கம்ப்யூட்டர்ல இருக்கிற பெயிண்ட் போதும். போன் போட்டோங்கிறது நாலாயிரத்துக்கு மூவாயிரம் புள்ளி இருக்கும், அதனாலதான் எம்பி கணக்கு. அவங்க கேக்குறது 200-க்கு 230 புள்ளிதான். முதல்ல தலையும் தோளும் மட்டும் வர்ற மாதிரி, அகலத்தை விட உயரம் ஒரு துளி அதிகமா வெச்சு கிராப் பண்ணு. அப்புறம் கண்ட்ரோல் டபிள்யூ அழுத்தி, பிக்சல்னு தேர்ந்தெடுத்து அகலம் 200-னு போடு, உயரம் தானா கிட்டத்தட்ட 230-க்கு வரும். சேவ் ஆஸ் குடுத்து ஜேபெக்-ஆ வேற பேர்ல சேமி, மூலப் படத்து மேலயே சேமிச்சுடாத. கையெழுத்தை வெள்ளை பேப்பர்ல கறுப்பு மை பேனாவுல போட்டு, நெருக்கமா கிராப் பண்ணி 140-க்கு 60 வெச்சுக்க. இங்கிலீஷ் கேபிடல் லெட்டர்ல போட்ட கையெழுத்தை ஏத்துக்க மாட்டாங்க. போட்டோ 20 கேபிக்கும் கீழ போயிட்டா கிராப் பண்ண படத்திலிருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் பெருசா எடு.

'போட்டோ கேபி குறைக்க'ன்னு தேடி வர்ற முன்பின் தெரியாத தளத்துல உன் போட்டோ, கையெழுத்து, ஆதார் மூணையும் ஏத்தாத. அந்த மூணும் ஒரே இடத்துல சிக்கினா உன் பேர்ல என்ன வேணா பண்ணலாம். நல்லா எழுதும்மா.

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்: கம்ப்யூட்டர் மூலையில 'உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ்'னு ஓயாம வந்துக்கிட்டே இருக்கு.

வைரஸ் வந்திருந்தா அப்படி வரிசையா எண்ணிச் சொல்லாது. எப்பவோ ஒரு தளத்துல 'அலவ்'ன்னு தட்டியிருப்பீங்க, அந்த தளம் விளம்பரம் அனுப்புது. குரோம் செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதுல சைட் செட்டிங்ஸ், அதுல நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அனுமதிச்ச பட்டியல்ல தெரியாத பேரை எல்லாம் நீக்குங்க. அந்த மெசேஜ்ல இருக்கிற நம்பருக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: எட்டு வருஷ லேப்டாப், விண்டோஸ் 10. இனிமே அப்டேட் இல்லேன்னு வருது, ரொம்ப ஸ்லோவும் கூட. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கவா?

வாங்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட நின்னுபோச்சு, பாதுகாப்பு அப்டேட் மட்டும் தனியா பதிவு பண்ணவங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் உண்டு. விண்டோஸ் 11 ஏறுமான்னு மைக்ரோசாஃப்டோட பிசி ஹெல்த் செக் போட்டுப் பாருங்க, டிபிஎம் 2.0-ன்னு ஒரு சிப் வேணும், சில மெஷின்ல அது இருந்தும் பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற அடிப்படை செட்டிங்ஸ்) அணைச்சு வெச்சிருப்பாங்க. ஏறவே ஏறாதுன்னா விண்டோஸுக்குப் பதிலா போடுற லினக்ஸ் மின்ட் இலவசம்தான், பிரவுசிங்குக்கும் கடிதம் அடிக்கவும் தாராளமா போதும்.

ஸ்லோங்கிறதுக்கு வேற காரணம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க, டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்குதுன்னா பெரும்பாலும் உள்ள பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்னு அர்த்தம். அதை எடுத்துட்டு எஸ்எஸ்டி-ங்கிற சுத்தாத வேகமான டிஸ்க் போட்டா அதே லேப்டாப் வேற ஆளா எழுந்து நிக்கும், புது லேப்டாப் விலையில சின்ன பங்குதான் ஆகும்.

மன்னார்குடியிலிருந்து 67 வயது வாசகி (கையால எழுதின கடிதம்): வெளிநாட்டில இருக்கிற பேத்திக்கு தமிழ்ல டைப் பண்ணி அனுப்ப ஆசை. இங்கிலீஷ்ல அடிச்சு தமிழா மாத்துறது எனக்கு வரல.

வரவேண்டாம்மா, தமிழை தமிழாவே அடிக்கலாம். அதுக்குத்தான் தமிழ்நாடு அரசு 1999-ல தமிழ் 99-ங்கிற விசைப்பலகையை ஏத்துக்கிச்சு. உயிரெழுத்து எல்லாம் இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம். 'அம்மா'ன்னு அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்தா முதல் எழுத்துக்கு அதுவே புள்ளி வெச்சுக்கும், நீங்க தேடவே வேண்டாம். விண்டோஸ்ல செட்டிங்ஸ் போய் மொழி பகுதியில தமிழைச் சேத்து, கீபோர்டுல தமிழ் 99-ஐ எடுத்துக்கங்க, விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து தட்டினா மாறும். போன்ல செல்லினம்னு ஒரு ஆப்ல இதே விசைப்பலகை இருக்கு. எழுத்தை ஒரு அட்டையில பெருசா எழுதி பக்கத்துல வெச்சுக்கிட்டு தினம் அரைமணி நேரம் அடிச்சுப் பாருங்க, ரெண்டு வாரத்துல கை பழகிடும். பேத்திக்கு முதல் கடிதம் அனுப்பினதும் எனக்கும் ஒரு வரி டைப் பண்ணி அனுப்புங்கம்மா.